பெர்னடீனுக்கு ஓர் அலமாரி

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவுடன் மார்லிஸ் யாரிடமும் பேசமாட்டாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பகல் முழுக்க ஈரப் போர்வைகளை இயந்திரத்திலிருந்து இழுத்துப் போட்ட தோள்கள் கொஞ்சம் இறங்க வேண்டும், பூட்ஸைக் கழற்றிக் காலை நீட்ட வேண்டும், சூடாகக் காப்பி உள்ளே போக வேண்டும். அதன் பிறகுதான் வாய் திறக்கும். கணவன் ஆர்லனுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு அவள் கோட்டைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

"கர்ட் போன் பண்ணினான்."

கர்ட், ஆர்லனுக்கும் அவன் முதல் மனைவி பெர்னடீனுக்கும் பிறந்தவன். அலாஸ்காவில் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பார்க்கிறான்.

"என்னவாம்?"

"அவங்கம்மாவுக்குத் தொண்டையில கட்டி. கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுக்கணுமாம். இங்க, டுலூத்துலதான், அடுத்த மாசத்துலேர்ந்து. வாரத்துக்கு அஞ்சு நாள், ஏழு வாரம். இந்தப் பனியில அவ ஊர்லேர்ந்து தினம் வண்டி ஓட்டிட்டு வர முடியாது. நோயாளிங்க தங்கற விடுதியில இடமில்லையாம்."

"நீ என்ன சொன்னே?"

"உன்னைக் கேட்டுச் சொல்றேன்னேன்."

"அப்ப சரின்னு சொல்லிட்டே."

ஆர்லன் அடுப்பிலிருந்த மக்ரோனித் தட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

மார்லிஸுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. தொண்டையில் கட்டி என்கிறவளை வராதே என்று யாராலும் சொல்ல முடியாது. மறுக்கக் கொஞ்சம் இடமிருந்தால் சம்மதித்ததில் ஒரு பெருமையாவது மிஞ்சியிருக்கும். இதில் அதுவும் இல்லை.

விருந்தாளி அறை என்று அவர்கள் சொல்லிக்கொண்டது மாடியில், சரிந்த கூரைக்கு அடியில் இருந்த சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் உறைந்த ஏரி. துணி வைக்க ஒன்றும் கிடையாது. வீட்டிலேயே ஒரே ஒரு துணி அலமாரிதான், அது கீழே இவர்கள் படுக்கையறைச் சுவருக்குள் இருந்தது.

"பெட்டியில இருந்தே எடுத்துப் போட்டுக்குவா," என்றான் ஆர்லன்.

"ஏழு வாரம் ஒரு சீக்காளி தரையில குனிஞ்சு குனிஞ்சு துணி எடுப்பாளா?"

வாய் அப்படிச் சொன்னது. மனசுக்குள் ஓடியது வேறு. காலையில் ஒரு சட்டைக்காக பெர்னடீன் தங்கள் படுக்கையறைக்குள் வந்து நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கடையில் விற்கிற அலமாரி எதுவும் அந்த மாடிப்படியின் திருப்பத்தைத் தாண்டாது. தாண்டினாலும் கூரைச் சரிவுக்குக் கீழே நிற்காது. செய்துதான் ஆகவேண்டும். சமையலறை அலமாரிகளை அவளேதான் செய்திருந்தாள், முன்னறை பெஞ்சையும். ஆர்லனுக்கு இரும்புத்தாது ஏற்றும் துறைமுக வேலையில் ஒரு தோள் போய்விட்டது. பலகையைப் பிடித்துக்கொள்வான், அவ்வளவுதான்.

சனிக்கிழமை வண்டி நிறைய பைன் பலகை வந்து இறங்கியது. கராஜில் குளிர் எலும்பைத் தொட்டது. அங்கே அறுக்கலாம், பசை போட்டு ஒட்ட முடியாது. அந்தக் குளிரில் பசை பிடிக்காது. அறுத்ததை மேலே தூக்கிக்கொண்டு போய் அறைக்குள்ளேயே ஒட்டினாள். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, மாடி ஏறி, கட்டிலை ஓரமாகத் தள்ளி, ஒட்டிய பலகைகள் விலகாமல் இரும்புப் பிடிப்பான் போட்டு இறுக்குவாள். மறுநாள் அதே கை ஈரப் போர்வையை இழுக்கும்.

கூரைச் சரிவை அட்டையில் வெட்டி அளவெடுத்தாள். இரண்டு பக்கப் பலகைகளையும் ஒட்டி, வெளியே தெரிகிற முகத்தை இழைத்து, உப்புத்தாள் போட்டு முடிக்கவே இரண்டு வாரம் போயிற்று. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, அட்டையை வைத்துக் கோடு போட்டு, சரிவை அறுத்தாள். மாடிக்குக் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தால் இழைத்த முகம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. அட்டையைத் திருப்பி வைத்துக் கோடு போட்டிருக்கிறாள். இடது பலகை இப்போது இடதும் இல்லை, வலதும் இல்லை.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் வரவில்லையே என்று ஆர்லன் மேலே வந்தான்.

"திருப்பி வெச்சு அறுத்துட்டேன்."

"நாளைக்குப் பார்த்துக்கலாம். வந்து படு."

"நாளைக்கு வேற மார்லிஸ் வருவாளா? அவளுக்குக் கை வலிக்காதா?" குரல் உயர்ந்தது. "உன் பொண்டாட்டிக்கு நான் எதுக்கு அலமாரி செய்யறேன், சொல்லு!"

"முன்னாள் பொண்டாட்டி."

"முன்னாளோ பின்னாளோ, இங்க பலகை அறுத்துட்டுக் கிடக்கறது இந்நாள் பொண்டாட்டி!"

ஆர்லனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் இருமலாக மாற்றினான். மார்லிஸ் சிரிக்கவில்லை. அவன் கை கொடுத்து அவளைத் தூக்கினான், நல்ல தோள் பக்கத்துக் கையால். இழைத்த முகம் சுவர்ப்பக்கமே இருக்கட்டும், அறைக்குள் தெரிகிற கரடான முகத்தையும் இழைத்துக்கொள்ளலாம் என்று மறுநாள் வேலையில் நின்றபடி அவளாகவே முடிவு செய்தாள். புதுப்பலகை ஒட்ட அவளுக்குத் தெம்பில்லை.

பெர்னடீன் வந்த அன்று அலமாரிக்கு உடம்பு மட்டும் இருந்தது, கதவு இல்லை. உயரமானவள், தாடை அகன்றவள். பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வருஷக்கணக்காகச் சத்தம் போட்டுப் பழகிய தொண்டை. அதில் இப்போது ஒரு கரகரப்பு. மாடிக்கு வந்து பெட்டியை வைத்துவிட்டு அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது எனக்காகவா?"

"அறைக்காக," என்றாள் மார்லிஸ்.

"எத்தனை நாள் வேலைங்க இது?"

"கணக்குப் பார்க்கல."

பெர்னடீன் பெட்டியைத் திறந்து ஐந்தாறு சட்டைகளைத் தட்டில் அடுக்கினாள். கடைசியாக ஒரு நீளக் கவுனை வெளியே எடுத்தாள். கருநீலம், கணுக்கால்வரை வரும். கம்பில் தொங்கவிட்டபோது அதன் கீழ்ப்பாதி நடுத்தட்டின்மேல் சுருண்டு விழுந்தது.

"மடிச்சே வெச்சுக்கறேன். பரவாயில்ல," என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, "ஜூலையில கர்ட்டுக்குக் கல்யாணம். அதுக்கு வாங்கினேன். நடுவுல எனக்கு ஏதாவது ஆச்சுன்னா சவப்பெட்டிக்கும் கலர் பொருத்தமாத்தான் இருக்கும், என்ன?"

மார்லிஸ் கீழே இறங்கிப் போய்விட்டாள். மார்லிஸுக்குத் தன் ஜோக் பிடிக்கவில்லை போல என்று நினைத்தபடி பெர்னடீன் கட்டிலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மார்லிஸ் ரம்பத்தோடும் சுத்தியலோடும் திரும்பி வந்தாள். நடுத்தட்டை ஒட்டி, திருகாணி போட்டு, அவ்வளவு பாடுபட்டுப் பொருத்தியிருந்தாள். அதன் ஒரு பாதியை அறுத்து எடுத்தாள். கவுன் நேராகத் தொங்கியது. அறுத்த விளிம்பு பிசிறு பிசிறாக நின்றது.

"இதை நாளைக்குத் தேய்க்கறேன்," என்றாள் மார்லிஸ். "கையில குத்திக்காதீங்க."

முதல் இரண்டு வாரம் பெர்னடீன் நன்றாகத்தான் இருந்தாள். காலையில் ஆர்லன் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவான், மத்தியானம் இருவரும் திரும்பி வந்து சமையலறையில் சீட்டாடுவார்கள். மார்லிஸ் வீட்டுக்குள் நுழையும்போது சிரிப்புச் சத்தம் கேட்கும். அவளைக் கண்டதும் இருவரும் எதற்கோ அடங்கிக்கொள்வார்கள். அந்த அடக்கம்தான் அவளை உறுத்தியது.

கதவு மாட்டுவதற்கு ஆள் வேண்டியிருந்தது. ஆர்லனால் கதவைத் தாங்கிப் பிடித்து நிற்க முடியாது. கால் நிமிஷத்தில் தோள் கைவிட்டுவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் முயன்று, கதவு சரிந்து, தரையில் பள்ளம் விழுந்தது.

"நகரு," என்று எழுந்தாள் பெர்னடீன். "நான் பிடிக்கறேன்."

"நீங்க படுங்க," என்றாள் மார்லிஸ்.

"சாகக் கிடக்கறவளுக்குக் கையில பலம் இருக்காதுன்னு யார் சொன்னது? முந்நூறு பிள்ளைங்களுக்கு உருளைக்கிழங்கு கிளறின கை இது. ஆர்லன், நீ கீழ போ. நீ இருந்தா ரெண்டு பொம்பளைங்களுக்கும் தொந்தரவு."

ஆர்லன் தப்பித்தோம் என்று இறங்கிவிட்டான். பெர்னடீன் கதவின் அடியில் முழங்காலை முட்டுக் கொடுத்து, தோளால் சாய்த்துப் பிடித்தாள். மார்லிஸ் கீலுக்குத் திருகாணி இறக்கினாள். இரண்டு தலைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"உங்க முகத்தைப் பார்த்தா என்னை அடிக்கலாமான்னு யோசிக்கற மாதிரி இருக்கு," என்றாள் பெர்னடீன்.

"களைப்பா இருக்கு. அதுதான்."

"எனக்குப் பதினோரு வருஷம் குடிகார ஆர்லன் கிடைச்சான். தெளிஞ்ச ஆர்லன் உனக்குக் கிடைச்சான். எரிச்சல் படணும்னா நான்தான் படணும்." பேச்சில் மரியாதை தானாக விலகிப்போனதை இருவருமே கவனிக்கவில்லை.

"தெளிஞ்ச ஆர்லனும் ஒண்ணும் பெரிய விசேஷம் இல்ல," என்றாள் மார்லிஸ். "காலுறையைக் கழட்டின இடத்துலயே போடுவான்."

"அது குடிச்சதால இல்லையா? அடக் கடவுளே. நான் குடியைத் திட்டிட்டு இருந்தேன்."

மார்லிஸுக்கு வந்த சிரிப்பில் திருகாணி நழுவியது. "ஆடாதே, ஆடாதே" என்று சொல்லிக்கொண்டே அதைத் தரையில் தேடினாள். பெர்னடீன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாளே தவிர, கதவை விடவில்லை.

மாட்டி முடித்ததும் கதவு தானாகத் திறந்துகொண்டது. பழைய வீடு, தரை சாய்ந்திருந்தது. மார்லிஸ் அலமாரியின் முன்காலுக்கு அடியில் மெல்லியதாக ஓர் ஆப்பைச் செருகித் தட்டினாள்.

"என்ன சத்தம் மேல?" கீழேயிருந்து ஆர்லன் கத்தினான்.

"ஆப்பு வெக்கறோம்," என்றாள் பெர்னடீன்.

"யாருக்கு?"

"உனக்குத்தான், பயப்படாதே!"

அவள் சத்தமாகப் பேசியது அன்றோடு சரி. அடுத்த வாரத்திலிருந்து குரல் தேய்ந்துகொண்டே வந்தது. கழுத்துத் தோல் வெந்து சிவந்தது. விழுங்க முடியாமல், வைத்த சூப் ஆறிப்போய்க் கிடந்தது. சீட்டாட்டம் நின்றது. ஆர்லன் சமையலறையில் தனியாக உட்கார்ந்து சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருந்தான்.

அலமாரிக்கு வார்னிஷ் அடிப்பதுதான் பாக்கி. டப்பாவை மாடிக்குக் கொண்டுவந்து மார்லிஸ் மூடியைத் திறந்ததும் நெடி தாங்காமல் பெர்னடீன் வாளியை இழுத்துக்கொண்டு ஓங்கரித்தாள். வயிற்றில் ஒன்றுமே இல்லாததால் நீர்தான் வந்தது. மார்லிஸ் மூடியை அழுத்தி மூடி, குளிரைப் பார்க்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டு, அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் பகல் முழுக்க இப்படி நனைந்த துணிகளைத்தான் துவைக்கிறாள். நனைத்தவர்கள் முகத்தை அவள் பார்த்ததில்லை.

"அடிச்சு முடிச்சிடு," என்றாள் பெர்னடீன் கிசுகிசுப்பாக. "நான் கீழ படுத்துக்கறேன்."

"வேண்டாம். வெறும் மரமாவே இருக்கட்டும்."

"அழுக்காயிடும்."

"ஆகட்டும்."

ஏப்ரல் கடைசியில், ஏரியில் பனி உடைந்து கரைக்கு ஒதுங்கிய வாரத்தில், சிகிச்சை முடிந்தது. பலன் தெரிய இன்னும் மூன்று மாதமாவது ஆகும், இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். பெர்னடீன் பாதியாகியிருந்தாள். கருநீலக் கவுனை இனி பிடித்துத் தைக்க வேண்டியிருக்கும். ஆர்லன் அவளை ஊருக்குக் கொண்டுபோய் விடக் கிளம்பினான். வாசலில் அவள் மார்லிஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். குரல் வெளியே வரவில்லை. மார்லிஸ் அதைத் திரும்பக் கேட்கவுமில்லை. "சரி, சரி" என்றாள்.

வண்டி போன பிறகு கட்டில் விரிப்பை எடுக்க மாடிக்கு வந்தாள். அலமாரிக் கதவின் ஓரத்தில் பைன் மரம் கருத்திருந்தது. எழுந்து நிற்கிறபோதெல்லாம் பெர்னடீன் பிடித்துக்கொண்ட இடம். உப்புத்தாள் போட்டால் போய்விடும், அப்புறம் வார்னிஷ் அடிக்கலாம். இன்றைக்கு விடுமுறை, வீட்டில் ஆள் இல்லை, ஜன்னலைத் திறந்து வைக்கலாம். எல்லாம் தோதாக இருந்தது.

உப்புத்தாளைத் தேடிப் போகாமல், விரிப்பை உருவ ஒரு முனையைப் பிடித்தவள், அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு காலை மேலே தூக்கிப் போட்டுக்கொண்டாள். ஆர்லன் திரும்பி வந்து கீழேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது காதில் விழத்தான் செய்தது. இன்னும் கொஞ்சம் கூப்பிடட்டும் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.