‘யா துவான்’ என்றால் என்ன அர்த்தம்?

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை. மார்க்கெட்டில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கிறேன். தெரியாத நம்பரிலிருந்து போன். எடுத்தால்... எங்கள் அண்ணன்.

“தங்கச்சி, என்னைப் பிடிச்சிட்டாங்க லா. போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கேன்.”

அவ்வளவுதான். போன் கட்.

அண்ணன் மணியத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. சிம்பாங் அம்பாட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இப்போது ஆயர் குரோவில் ஒரு கம்பெனி ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஸ்டோரிலிருந்து செம்புக் கம்பி காணோமாம். அன்றைக்கு டியூட்டியில் இருந்தது இவர். ஒரு ஆணி கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனுஷன்!

மீனை அங்கேயே விட்டுவிட்டு, அண்ணியைக் காரில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். இப்போது பார்க்க முடியாது என்றார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஒருவரைப் பிடித்தால் ஏன் பிடித்தோம் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்கும் வக்கீலுக்கும் பேச விட வேண்டும். இருபத்து நாலு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

மறுநாள் மூன்று நாள் ரிமாண்ட் என்று உத்தரவானது. அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். “விசாரிக்காமலே மூணு நாள் ஜெயிலா? ஐயோ!”

“ஜெயில் இல்ல அண்ணி. விசாரிக்கத்தான் வச்சிருக்காங்க” என்றேன். வாய்தான் சொன்னது. எனக்கே அது நிச்சயமாகத் தெரியாது.

இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீல் கிடைத்தார். திவ்யா. சின்னப் பெண். அண்ணனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவரின் முகம் சரியில்லை.

“ஆன்ட்டி, எதைக் கேட்டாலும் ‘யா மிஸ்’னு தலையாட்டுறாரு. கம்பியை எடுத்தீங்களான்னு கேட்டேன். அதுக்கும் ‘யா மிஸ்’. அப்புறம் அழுதுகிட்டே எடுக்கலைங்கிறாரு. கோர்ட்ல இப்படிச் சொன்னா என்ன ஆகும்?”

எனக்குப் புரிந்துவிட்டது. திவ்யாவுக்கு எப்படிப் புரிய வைப்பது? தோட்டத்தில் மேனேஜர் எதைக் கேட்டாலும் எங்கள் அப்பா ‘யா துவான்’ என்பார். மலாயில் அது ‘ஆமாம் ஐயா’தான். ஆனால் அப்பா சொன்னால் அதற்கு ‘ஆமாம்’ என்று அர்த்தமில்லை. ‘கேட்டுக்கொண்டுதான் நிற்கிறேன், கோபப்படாதீங்க’ — அவ்வளவுதான். கிளினிக்கில், பள்ளிக்கூடத்தில், பேங்க் கவுன்டரில் நானே சொல்லியிருக்கிறேன். நீங்கள் சொன்னதில்லையா?

வெள்ளிக்கிழமை கோர்ட். குற்றச்சாட்டை வாசிப்பார்கள், ‘மெங்காக்கு சாலா’, அதாவது குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்பார்கள். குற்றத்தை ஒத்துக்கொண்டால் அன்றைக்கே தண்டனை வரலாம், ‘மிந்தா பிச்சாரா’ என்று விசாரணை கேட்டால்தான் கேஸ் நடக்கும் என்று திவ்யா அண்ணனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் பாருங்கள், எங்கள் கேஸைக் கூப்பிட்ட நேரத்தில் அவர் பக்கத்துக் கோர்ட்டில் மாட்டிக்கொண்டார்.

கைவிலங்கோடு அண்ணன் நின்றார். மேலே மாஜிஸ்திரேட், ஓர் இளம் பெண். மலாயில் வாசித்தார்கள்.

“ஃபாஹாம்?” புரிந்ததா என்று கேட்டார்கள்.

“யா துவான்.” பெண் என்றால் ‘புவான்’ என்று சொல்ல வேண்டும்; இவருக்குப் பெண்ணைப் பார்த்தும் துவான்தான்!

“மெங்காக்கு சாலா?”

“யா துவான்.”

அண்ணியின் நகம் என் கையில் இறங்கியது. “இல்லை!” என்று நான் எழுந்தே விட்டேன். “டூடோக்!” என்று ஒரு போலீஸ்காரர் அதட்டினார். உட்கார்ந்தேன்.

மாஜிஸ்திரேட் பேனாவை நிறுத்தினார். அண்ணனை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டு, தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார். நல்லா இருக்கணும் அந்தப் பிள்ளை.

மொழிபெயர்ப்பாளர் அண்ணன் பக்கத்தில் வந்தார். “அண்ணே, கம்பியை எடுத்தேன்னு ஒத்துக்கிறீங்களா? இல்ல, எடுக்கலை, விசாரிங்கன்னு கேக்குறீங்களா? ஒத்துக்கிட்டா தண்டனை.”

அண்ணன் தரையைப் பார்த்தார். “ஐயா... நீங்க எப்படிச் சொல்றீங்களோ, அப்படியே...”

அடக் கடவுளே! ஓடிப்போய் ஒரு அறை விடலாமா என்று இருந்தது.

“நான் சொல்லக் கூடாதுண்ணே. நீங்கதான் சொல்லணும்.”

கோர்ட்டே காத்திருந்தது. அண்ணியின் உதடு ஏதோ சாமி பெயரை முணுமுணுத்தது. அண்ணன் மெல்ல நிமிர்ந்தார்.

“நான் எடுக்கலைங்க.”

“மிந்தா பிச்சாரா, புவான்” என்றார் மொழிபெயர்ப்பாளர். மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார்.

மூச்சிரைக்க ஓடிவந்த திவ்யா ஜாமீன் கேட்டு வாங்கினார். ஜாமீன்தாரராக நான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதம் தேதி கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் அண்ணி கேட்டார், “முடிஞ்சிருச்சா?”

எங்கே முடிந்தது? கேஸே இனிமேல்தான். சாட்சி வர வேண்டும், தீர்ப்பு வர வேண்டும். எப்படிப் போகுமோ, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஐம்பத்து மூன்று வயதில், மேலே உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் எங்கள் அண்ணன் முதன்முதலாக ‘இல்லை’ என்று சொல்லியிருக்கிறார் — அது எழுத்தில் இருக்கிறது!