லூட்விக் நடுங்கவில்லை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் கையால் போர்வை போர்த்திய ஆளைப் பற்றித்தான் சொல்கிறேன்.

வின்னிபெக் ஏரி, ஜனவரி மாதம். உறைந்த ஏரியில் பனிக்கட்டிக்கு அடியில் வலை விரித்து மீன் பிடிப்பது எங்கள் பிழைப்பு. கூட்டாளி ஓலி மீனை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். கரையோரக் குடிசையில் நான் ஒண்டி. அடுப்போடுதான் பேச்சு. ஒரு மனிதக் குரலுக்கு அப்படி ஏங்கிக் கிடந்தேன்.

மாலை ஐந்து மணி. கும்மிருட்டு. கதவுக்கு வெளியே, சொட்... சொட்...

மைனஸ் முப்பது குளிரில் தண்ணீர் எப்படிச் சொட்டும்?

திறந்தேன். தொப்பலாக நனைந்த ஓர் இளைஞன்.

"பனி ஒடஞ்சு உள்ள போயிட்டேண்ணே... எம் பேரு லூட்விக்..." நாக்கு குழறியது.

"மீன் வேணும்னா வலைய போடணும்டா, நீயே குதிக்கக் கூடாது!" உள்ளே இழுத்தேன். ஆள் கிடைத்த சந்தோஷம் எனக்கு.

அவன் சிரிக்கவில்லை. நடுங்கவும் இல்லை.

என் சிரிப்பு அடங்கியது. நடுங்குகிறவனுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. நடுக்கம் நின்றுபோனவனுக்குத்தான் ஆபத்து. ஆட்டாமல் அசைக்காமல் படுக்க வைத்து, ஈரத் துணியைக் களைந்தேன். கை காலைத் தேய்க்கவில்லை. அந்த நிலையில் தேய்த்தால் இதயமே நின்றுவிடலாம். வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி மார்பிலும் அக்குளிலும் வைத்து, போர்வை போர்த்தினேன்.

"கொஞ்சம் பிராந்தி..."

"வாய மூடு. அது ஒன்னக் கொன்னுடும்."

பாட்டில்கள் ஆறின. நிரப்பினேன். மறுபடி ஆறின.

உடம்பு சூடாகவே இல்லை.

கழுத்தில் நாடி பார்த்தேன். ஒரு நிமிடம் முழுக்க... இல்லை.

ஆனால் கண்கள் என்னையே பார்த்தன.

"நான் செத்துட்டேனாண்ணே?"

"இல்லடா. சூடேத்திப் பாக்காம யாரையும் செத்ததாச் சொல்ல மாட்டோம்."

அவன் அழுதான்.

"அத அன்னிக்கு யாருமே சொல்லலியே..."

போர்வை மெல்லத் தட்டையானது. விலக்கினேன், ஆளில்லை.

மெத்தையில் ஒரு பொட்டு ஈரமில்லை.

மறுநாள் ஓலி வந்தான். பெயரைச் சொன்னேன். அவன் முகம் வெளிறியது.

"எங்க தாத்தா காலத்து ஆளுடா அவன். ஏரியில விழுந்தான். தூக்கினப்ப மூச்சில்ல, வெறைச்சுக் கெடந்தான். குளிர்காலத்துல மண்ணு கல்லாட்டம் இருக்குமே, குழி தோண்ட முடியுமா? வழக்கப்படி கொட்டகையில கெடத்திப் பூட்டிட்டாங்க, வசந்தத்துல பொதைக்கலாம்னு."

"அப்புறம்?"

"ஏப்ரல்ல தெறந்தாங்க. கெடத்தின எடத்துல அவன் இல்ல. கதவுல சாஞ்சு ஒக்காந்திருந்தான். பத்து வெரல்லயும் நகமில்ல."