இராமசுப்பு அண்ணாச்சி சொல்லாமல் போன வரத்துக்கால்

கம்பெனிக்குள் கைபேசி ஆகாது. வாசலில் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவோம். அன்று மாலை ஐந்து மணிக்கு வாங்கிப் பார்த்தால் ஊரிலிருந்து ஏழு அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டேன். "இராமசுப்பு அண்ணாச்சி காலையிலேயே தவறிட்டாக. இப்பத்தான் எடுத்தாக" என்றான் என் தம்பி. அவர் வேலைக்கு வராததை லீவு என்றே நினைத்திருந்தேன். பதினெட்டு வருஷம் கூட வேலை பார்த்தவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து எங்கள் பட்டாசு கம்பெனியின் போர்மேனாக அவரை ஊர்க்காரர்களான உங்களுக்குத் தெரியும். கண்மாய்க்குக் கீழே அவருக்கு இரண்டு ஏக்கர் உண்டு என்பதும் தெரியும். மேகம் கூடினால் எங்களுக்கு ஒரே கவலைதான், வெயிலில் காயும் சரக்கை நனையாமல் உள்ளே சேர்க்க வேண்டும். அவருக்கு இரண்டு கவலை. "மழை வேணும்னு கும்பிடவும் பயமா இருக்குலே, வேண்டாம்னு கும்பிடவும் பயமா இருக்கு" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

கண்மாய் ஏன் நிறைவதில்லை என்ற கேள்வி அவரை விடவில்லை. ஞாயிறுதோறும் சைக்கிளில் கிளம்பி, ஆடு மேய்ப்பவர்களையும் முன்பு மடை பார்த்தவர்களையும் தேடிப் போவார். எந்தக் காட்டுத் தண்ணீர் எந்த வழியாக வந்தது, கரையில் சீமைக்கருவேலம் எப்போது முளைத்தது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினார். "மழை கொறஞ்சதுன்னு வானத்து மேல பழி போடுதோம். வந்த தண்ணிய எங்கன விட்டோம்னு எவன் கேட்டான்?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார்.

பதில் அவருக்கே கிடைத்தது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவந்த வரத்துக்கால் எங்கள் கம்பெனிக்குள் வந்து நின்றது. பல வருஷம் வறண்டு கிடந்ததால் அதை வண்டிப்பாதை என்று நினைத்து, மண் அடித்து, மேலே சரக்கு காயவைக்கும் தளம் போட்டிருந்தோம். வேலையை நின்று பார்த்தவர் அவரேதான். கூட நின்றவன் நான். "ஏலே, நாமதாம்லே அடைச்சிருக்கோம்" என்றார். அன்று மதியச் சாப்பாட்டை அவர் திறக்கவில்லை.

சென்ற மாதம் கண்மாய் பற்றி விசாரிக்க அதிகாரிகள் வந்து ஊர்க்கூட்டம் போட்டார்கள். முந்தின நாள் அவர் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினேன். "சொல்லிராதீக அண்ணாச்சி. தளத்த ஒடைச்சா லைசென்ஸ் போயிரும். ஊர்ல பாதிப் பேரு அங்கனதான் கஞ்சி குடிக்கோம். என் வீட்டுக்காரியும் அங்கனதான்."

"சொன்னா ஒங்க வயித்துல அடிக்கேன். சொல்லலேன்னா நான் எங்கன போயி நிக்க?" என்றார். மறுநாள் கூட்டத்தில், "எங்கன போச்சுன்னு தெரியலய்யா" என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார். பொய் சொல்லத் தெரியாத மனிதரைச் சொல்ல வைத்தவன் நான். அதன் பிறகு அந்த நோட்டை அவர் தொடவே இல்லை என்று அவர் வீட்டு மதினி சொன்னார்கள்.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்தப் பொய் ஒன்றுதான். எனக்காகச் சொன்னது. அதை வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. அதனால் அன்று அவர் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதிக் கொடுக்கிறேன்: வரத்துக்கால் எங்கள் கம்பெனியின் மேற்குத் தளத்துக்கு அடியில் போகிறது. நாளைக் காலை எட்டு மணிக்கு அந்தத் தளத்தில்தான் நான் சரக்கு பரப்ப வேண்டும்.