பல் உடையாத ஓடு

பத்தாவது வரை படித்த நான் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். நாலு பேர் எதிரில் பேசவே கூசுகிறவள். பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வாயால் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

சித்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் திருப்பதிக்குப் போய், நிலவியல் ஆய்வகம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். கடலோரச் சேற்றையும், ஆழத்தில் துளைபோட்டு எடுத்த பழைய மண்ணையும் சல்லடையில் கழுவிக் காயவைத்து, கட்டம் போட்ட கறுப்புத் தட்டில் தூவுவேன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே, பிரஷ் நுனியை நாக்கில் நனைத்து, ஃபோராமினிஃபெரா ஓடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டெடுப்பேன். அது ஒரே செல் உள்ள கடல் உயிர். மணல் அளவுக்கு ஓடு கட்டிக்கொள்ளும். சேற்றில் உயிரோடு இருந்தவை நாங்கள் ஊற்றும் சாயம் ஏறிச் சிவந்திருக்கும். பழையவை வெறும் வெள்ளை.

பக்கத்து நாற்காலியில் ஓர் ஆராய்ச்சி மாணவி. அவளும் சித்தூர்தான். மதியம் என் டப்பாவில்தான் கைவைப்பாள்.

ஒரு நாள் சேற்றிலிருந்து எடுத்த ஓட்டின் வாய்க்குள் பல் மாதிரி ஒன்று, வளையமாக வளைந்திருந்தது. அதே உருவம் பழைய மண்ணிலும் உண்டு. ஆனால் அதில் பல் உடைந்திருக்கும் என்பதால் பல்லே இல்லாத வேறு பேரினத்தோடு சேர்த்திருந்தார்கள். எனக்குச் சந்தேகம். இரண்டு வாரம் பழைய மண்ணையே கிளறி, பல் உடையாத ஒன்றை எடுத்துக் காட்டினேன். அவள் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா. யாரும் பேர் வெக்காத புது இனம் இது. கட்டுரை எழுதறவங்க அவங்க பேர அவங்களே வெச்சிக்கக் கூடாது. எழுதப்போறது நானு. உன் பேரத்தான் வெப்பேன்."

எனக்கு எதற்கு என்றேன். ஆனால் பஸ்ஸில் என் பேரோடு அறிவியல் பேர்களில் வரும் லத்தீன் வாலை ஒட்டி மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் கேட்டுச் சிரித்தார். "தெருவுக்குப் பேர் வெப்பாங்க. சேத்துப் பூச்சிக்கா உன் பேரு?" ஆனாலும் ஷிஃப்ட் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

ஒன்றரை வருஷம் கழித்து அவள் ஒரு சீட்டை நீட்டி, அந்த ஓட்டின் ஸ்லைடுக்கு லேபிள் எழுதச் சொன்னாள். என் கையெழுத்து திருத்தமாக இருக்கும். சீட்டில் இருந்தது எங்கள் துறைத் தலைவரின் பேர், லத்தீன் வாலோடு. கட்டுரை அச்சாகியே ஒரு மாதம் ஆகியிருந்தது.

சீட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"இன்னாக்கா பண்றது, என் தீசிஸ் அவரு கையிலதான இருக்குது. நீ தப்பா நெனச்சிக்கமாட்ட, எனுக்குத் தெரியும்."

கட்டுரையின் கடைசியில் ஆய்வக உதவியாளருக்கு நன்றி சொல்லியிருந்தாள். பேர் இல்லை. பல்லைக் கவனித்தது 'நாங்கள்' என்று இருந்தது.

பேர் போனது வருத்தம்தான். என் டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டே, இவள் ஒன்றும் கேட்கமாட்டாள் என்று அளந்து வைத்திருந்தாளே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

சரிம்மா என்றேன். தலைவர் பேரை ஓர் எழுத்துகூடப் பிசகாமல் எழுதினேன். லேபிளின் அடியில் 'எடுத்தவர்' என்று ஒரு வரி உண்டு. யார் எடுத்தாலும் அதில் ஆராய்ச்சி மாணவரின் பேரை எழுதுவதுதான் எங்கள் வழக்கம். இத்தனை வருஷமும் நானே அப்படித்தான் எழுதிவந்தேன். அன்று என் பேரை எழுதி ஒட்டினேன்.

மறுநாள் காலை அந்த ஸ்லைடில் வேறு லேபிள் இருந்தது. அவள் கையெழுத்து. எடுத்தவர் வரியில் அவள் பேர்.