மண் வெடித்த இடம்

பைக்கிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்த மகன் நேற்றுத்தான் வீடு திரும்பினான். இன்னும் எதுவும் சாப்பிடவில்லை. அடுப்படியில் மனைவி சீனிக்கிழங்கு அவிக்கிற வாசனை வந்ததும், இப்போது கன்டெய்னர்கள் அடுக்கியிருக்கும் இடத்தில் முன்பிருந்த எங்கள் தோட்டம் நினைவுக்கு வந்தது. மார்கழிப் பனியில் நனைந்து கிடக்கும் சர்க்கரைவள்ளிக் கொடிகளை, கண்ட இடத்தில் வேர்விடாமலிருக்க அம்மா தூக்கித் தூக்கிப் புரட்டிப் போடுவாள்; கிழங்கு பருத்து மண் வெடித்த இடத்தில் நான் விரலை விட்டு, அந்தச் சில்லென்ற தோலைத் தினமும் தடவிப் பார்ப்பேன்.

"ஏலே, கைய எடு. நோண்டிக்கிட்டே இருந்தா அது எப்பதாம்லே பெருக்கும்?" என்று அக்கா மண்ணை இழுத்து மூடுவாள்.

கிழங்குத் தட்டை மகனிடம் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன்.

"இப்படி வாயையே பாத்தா எப்படிப்பா முழுங்குறது? அங்கன பாருங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது: "அம்மா, இன்னும் இருக்கா?"