குளிர்காலக் கூடு

ஹவுகெட்டோ என்ற பனிதேசத்து ஊரில் நான் கூட்டித் துடைக்கும் பழைய கார்ப் பட்டறையில் நம் நாட்டிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். நெடிய மனிதர். பழைய கார்களின் மரப் பாகங்களைத் தொடுமுன் கையைப் போட்டிருக்கும் சேட்டில் துடைப்பார்.

அங்கே நூறு வயதுக் கார் ஒன்றுக்கு அந்தக்கால வழக்கப்படி மரத்தாலான இரண்டு மேற்கூடுகள். கோடைக்குத் திறந்தது, குளிருக்கு மூடியது. பருவம் மாறும்போது காரின் சொந்தக்காரக் கிழவர் வந்து சொல்ல, இவர் மாற்றிப் பூட்டுவார்.

இந்தச் சித்திரையில் திறந்ததைப் பூட்டிவிட்டு, கழற்றிய மூடிய கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்ன தம்பி?"

"மூடின கூட்டை விறகாக்கட்டாம், அக்கா. இனித் தேவைப்படாதாம்."

"ஆளுக்கு ஏதும் நோய் வருத்தமோ?"

"கேக்கேல்லை. சிரிச்சுக்கொண்டு சொன்னவர். அதுதான் பயமாக் கிடக்கு."

"வெட்டிப்போட்டீரோ?"

"வெட்டினா, அவர் நினைச்சதுக்கு நானும் ஓமெண்டதாப் போயிடும்."

நேற்று இந்தக் குளிர்காலத்தின் முதல் பனி விழுந்தது. தம்பி, தான் வெட்டாமல் ஒளித்து வைத்த மூடிய கூட்டின் கதவுகளுக்கு எண்ணெய் விட்டுவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழவர் வரவில்லை. அவருக்கு ஒருக்கால் போன் எடுத்துப் பாரும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.