ஆயிரத்து நூறு டிகிரியில் உருகிய டைட்டானியம்

தொழிற்சாலையில் அவளுக்குக் கேமராக்காரி என்று பெயர். கல்யாணத்துக்குப் படம் எடுப்பவள் என்று நினைத்துவிட வேண்டாம். உலோகத் தூளை லேசரால் உருக்கி, அடுக்கடுக்காகப் பொருள் செய்யும் இயந்திரம் ஒன்று அங்கே இருக்கிறது. லேசர் படும் இடத்தில் கடுகளவுகூட இல்லாத உருகிய குட்டை ஒன்று தோன்றி, கண்ணிமைப்பதற்குள் உறைந்துவிடும். அந்தக் குட்டையின் சூட்டை வெப்பக் கேமராவில் பார்ப்பதுதான் ஒன்பது வருடமாக அவள் பிழைப்பு. கட்டிய கணவனைக்கூட அவள் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

மேலாளர் அவளுடைய நாத்தனார் புருஷன். வேலை வாங்கிக் கொடுத்தவர். அதை வாரம் இருமுறை ஞாபகப்படுத்துகிறவர். அவள் எழுதும் அறிக்கைகளை மேசையிலிருந்து எடுத்துப்போய், 'தயாரித்தவர்' என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்வார். போன வருடம் அப்படி ஒன்றுக்கு விருதே வாங்கிவிட்டார். கேட்டதற்கு, "குடும்பத்துக்குள்ள என்னம்மா உன் பேரு, என் பேரு?" என்றார். விருது என்னவோ அவர் வீட்டு அலமாரியில்தான் இருந்தது.

அவள் உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தாள்.

பளபளக்கும் உலோகம் தன் சூட்டை முழுதாக வெளிக்காட்டாது. கேமரா குறைத்துத்தான் சொல்லும்; கணக்குப் போட்டுத் திருத்த வேண்டும். இது அவளுக்குத் தெரியும், விருது வாங்கியவருக்குத் தெரியாது. இந்த முறை திருத்தாத தாளை மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது தாளைக் காணோம். இதைச் சதி என்பவர்கள், தாளை எடுக்கச் சொன்னது யார் என்பதையும் சொல்லிவிட்டுப் போகட்டும்.

மறுநாள், பொருள் வாங்க வந்த நிறுவனத்தின் பெண் பொறியாளர் அறிக்கையைப் புரட்டினார்.

"குட்டையோட சூடு ஆயிரத்து நூறுன்னு போட்டிருக்கீங்களே?"

"துல்லியமா அளந்தது மேடம். நானே பக்கத்துல நின்னேன்" என்றார் மேலாளர்.

"டைட்டானியம் உருகவே ஆயிரத்து அறுநூறுக்கு மேல வேணுமே சார். உங்க பேச்சுல மயங்கி உருகிடுச்சா?"

மேலாளருக்குக் காது சிவந்தது. கேமராக்காரியின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ சொல்லேன்..."

"நான் என்னத்தச் சொல்றது சார்? தயாரிச்சவர் நீங்கதானே?"

பொறியாளர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "கேமராவுல உக்கார்றது யாரு?"

"நான்தாங்க."

ஐந்து நிமிடத்தில் கணக்கைப் போட்டாள். தவறான எண்ணை அடித்துச் சரியானதை எழுதினாள். பிறகு, யாரும் கேட்காமலே, 'தயாரித்தவர்' என்பதற்கு எதிரே இருந்த பெயரையும் அடித்துத் தன் பெயரை எழுதினாள். அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்தில் மேலாளர் ஒப்பமிட வேண்டும் என்பது அங்கே விதி. பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"ரெண்டு இடத்துல அடிச்சிருக்கேன் சார். சுருக்கமா வேணாம், முழுக் கையெழுத்தாவே போடுங்க."